சித்தி வீட்டில் ஒரு மதிப்பீட்டாளர்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 13, 2025, புதன் – சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

ரயிலிலிருந்து இறங்கிப் பையைக் கீழே வைப்பதற்குள் சித்தி என்னை மேலும் கீழும் பார்த்து முடித்துவிட்டார். "என்ன பாப்பா, இப்படி ஊதிப் போயிருக்கிறாய்? முகமெல்லாம் கறுத்துவிட்டது. தூங்குவதே இல்லையா?" ஒரே மூச்சில் மூன்று தீர்ப்புகள். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட உரிமை உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவும் உரிமை உண்டு, என்ன செய்வது?

காரை எடுத்து வந்திருந்த தம்பி, சித்தியின் கடைசி மகன், சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை வாங்கிக்கொண்டான். உச்சி வெயில். காருக்குள் உட்கார்ந்தால் இருக்கை சுட்டது. நெஞ்சுக்குள்ளும் ஒரு சூடு ஏறுவது தெரிந்தது. பதில்கள் வரிசையில் வந்து நின்றன. "நீங்கள் மட்டும் இளைத்தா இருக்கிறீர்கள்?" என்பது முதலாவது. மற்றவற்றை எழுத முடியாது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி செய்தேன். சூடு ஏறுகிறது, பதில் தயாராகிறது. இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பதிலைச் சொல்லவும் இல்லை, தொண்டைக்குள் அழுத்தவும் இல்லை. பத்து நிமிடத்தில் சூடு தணிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தணியவில்லை. சாப்பாட்டுக் கடை வரை கூடவே வந்தது.

எந்த வகுப்பு என்று சொல்லிவிடுகிறேன். சேதத்தைப் பார்த்து விலை சொல்வது என் பிழைப்பு. பெட்டாலிங் ஜெயாவில் காப்புறுதித் துறையில் வேலை. தீப்பிடித்த கடை, வெள்ளம் புகுந்த வீடு, மரம் விழுந்த கார் என்று எங்கே போனாலும் கண் முதலில் ஓட்டையைத்தான் தேடும். வேலைக்கு அது நல்லது. இரவு பதினொரு மணிக்கு மேல் அதே கண் என் பக்கம் திரும்பிக்கொள்வதுதான் தொல்லை. அன்றைக்கு யாரிடம் என்ன பிசகாகப் பேசினேன், மகளிடம் ஏன் எரிந்து விழுந்தேன், இந்த வயதிலும் எனக்கு ஏன் இந்தப் பொறாமை என்று பட்டியல் நீண்டு பொழுது விடிந்துவிடும். தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன் எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வரும்படி மருத்துவர் அனுப்பினார்.

1979-இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சி அது. தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காகப் பௌத்தத் தியான முறையிலிருந்து சமயச் சடங்குகளை ஒதுக்கிவிட்டு உருவாக்கினார். இந்த நொடியில் நடப்பதை, மனமறிந்து, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்க வேண்டும். கேட்க எளிது. கடைசி வகுப்பில் பயிற்றுநர், முன்பு தாதியாக இருந்த சீன அம்மையார், "அமைதியான அறையில் இது எல்லாருக்கும் வரும். உங்களை ஓயாமல் குறை சொல்கிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். எனக்கு உடனே சித்தி முகம்தான் வந்தது.

வாழை இலைச் சாப்பாடு 12 வெள்ளி (ரிங்கிட்). கோழி வறுவல், பாகற்காய், முட்டைக்கோஸ், உடைத்தால் சத்தம் கேட்கிற அப்பளம். பரிமாறிய பெரியவர் நான் இலையை மடிக்கப் போவதைக் கண்டு, "ரசம் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது அம்மா" என்று குவளையை நீட்டினார். அவர் சொன்னால் அன்பு, சித்தி சொன்னால் குத்தல். என் காதுகளின் ஓரவஞ்சனை அங்கேயே பிடிபட்டது. காசு கொடுப்பதில் தம்பிக்கும் எனக்கும் கல்லாவில் தள்ளுமுள்ளு. அவனே ஜெயித்தான்.

நாலரைக்கு மழை. தகரக் கூரையின் கீழ் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. சித்தி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன் – சுங்கை சிப்புட்

மலிவு விலை வீடுகளின் வரிசையில் சித்தியின் வீடு நடுவீடு. இரண்டு பக்கமும் சுவர் பொது. விடியற்காலை ஐந்து மணிக்கே பக்கத்து வீட்டில் மின்னல் எஃப்.எம். பாடத் தொடங்கிவிட்டது. சரி, பயிற்சி செய்வோம் என்று பாயில் மல்லாந்து படுத்தேன். கால் பெருவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போக வேண்டும். பாதம் சில்லென்று இருந்தது. முழங்காலில் வழக்கமான நோவு. வயிற்றுக்கு வந்ததும், "சித்தி சொன்னது பொய்யில்லை" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியதெல்லாம் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை, குரல்தான் பட்டது. அதையும் பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று இருந்தபோது முகத்தில் வெளிச்சம் அடித்தது. டார்ச்சோடு சித்தி. "பிணம் மாதிரி நீட்டிப் படுத்திருக்கிறாயே, உடம்புக்கு என்ன?" விளக்கம் சொன்னேன். பாதி கேட்டார். நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வகுப்பின் முதல் நாளில் 39 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். ரூத் பேர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்டது. கவனித்தல், கவனித்ததைச் சொல்லில் சொல்லுதல், செய்வதை உணர்ந்து செய்தல், உள்ளே எழுவதற்குத் தீர்ப்புச் சொல்லாதிருத்தல், அதற்கு உடனே எதிர்வினை காட்டாதிருத்தல் என்று மனவிழிப்பை ஐந்து கூறுகளாகப் பிரித்து அளப்பார்கள். கவனித்தலில் நான் வெளுத்துக்கட்டியிருந்தேன். தீர்ப்பில்லாமை அடிமட்டம். பயிற்றுநர் அந்தத் தாளைப் பார்த்து, இந்த இரண்டும் இப்படி இருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும் என்றார். தன்னைத் தானே கூர்ந்து பார்க்கிறவளுக்குத் தன்மேல் இரக்கமில்லை என்றால் அந்தக் கூர்மை முழுவதும் குற்றப்பத்திரிகை எழுதவே செலவாகும். எனக்கு இருபத்துநான்கு மணி நேரமும் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்குத் தம்பி சீனர் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவராம், தமிழ் சரளமாக வருகிறது. "தங்கச்சி, காப்பி ஓவா, பால் ஊற்றியதா?" காப்பி 2 வெள்ளி, கயா (தேங்காய்ப்பால் முட்டை ஜாம்) தடவிய ரொட்டி 2.50, அரைவேக்காட்டு முட்டை இரண்டு 3.20. இடம் இல்லை. தனியாக உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் செய்தித்தாளை மடித்து எங்களுக்கு மேசையில் பாதியை விட்டுக்கொடுத்தார். தெருவில் 31-ஆம் தேதிச் சுதந்திர தினத்துக்காகத் தேசியக் கொடிகள் கட்டி முடித்திருந்தார்கள்.

அடுத்த மேசையில் நான்கைந்து பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த சாமிவேலு 1974 முதல் 2008 வரை இந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்தவர். அவர் செய்தது அதிகமா, செய்யாமல் விட்டது அதிகமா என்பது வழக்கு. இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு இந்த வழக்கு நடக்கும். சரித்திரப் புத்தகங்களிலும் இந்த ஊருக்கு ஒரே முத்திரைதான்: 1948 ஜூன் 16 அன்று இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூன்று பேர் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதை ஒட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதற்கப்புறம் இங்கே பிள்ளைகள் படித்ததும், ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் வீடு வாங்கியதும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஊரையே ஒரு வரியில் அடைக்கும்போது, ஒரு பெண்ணை "ஊதிப் போய்விட்டாள்" என்று அடைப்பது என்ன பெரிய விஷயம்!

பகலில் கானாங்கெளுத்திக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுச் சித்தியைப் பேசவிட்டேன். எங்கள் வகுப்பில் ஒருவர், கையால் உழைக்கிறவர்களுக்குத் தனியாகத் தியானம் வேண்டாம், உழைப்பே தியானம் என்று உருகியிருந்தார். அதைச் சித்தியிடம் சொன்னேன். சித்தி பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (காலை வருகைக் கணக்கெடுப்பு) நின்று பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கும் இடுப்பில் கொசுவர்த்தியுமாக இருட்டில் காட்டுக்குள் போனவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதவில்லை என்றால் பால் வராது. கொஞ்சம் கூடிவிட்டால் மரத்தில் காயம் விழும், அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் வாயில் விழ வேண்டும்.

"அவ்வளவு கவனமாக வெட்டினீர்களே, மனசு முழுக்க மரத்தில்தானே இருந்திருக்கும்?"

"மரத்திலா? கை அதுபாட்டுக்குப் போகும். மனசு மளிகைக் கடைக்காரனிடம் நிற்கும். இந்த மாதமும் பாக்கி வைத்தால் அரிசி கொடுப்பானா மாட்டானா என்று. உன் அம்மாவும் அப்படித்தான். இரண்டு நிரை வெட்டி முடித்த பிறகு, வெட்டியதே நினைவிருக்காது."

2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வழியாக, நினைத்த நேரத்தில் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 46.9 விழுக்காடு மனம் செய்யும் வேலையில் இல்லாமல் வேறெங்கோ இருக்கிறதாம். அப்படி இருக்கும்போது மகிழ்ச்சியும் குறைகிறதாம். சித்தியிடம் சொன்னேன். "பாதி நேரம் வேலையில் இருக்கிறதா? கொடுத்துவைத்தவர்கள்" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி – தோட்டம்

ஆடிக் கடைசி வெள்ளி. நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரப்பரெல்லாம் போய் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டைகளுக்கான கொட்டகை. இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் குலை வெட்டுகிறார்கள். கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. ஈப்போ, கிள்ளான், பினாங்கு என்று சிதறிப்போனவர்கள் வருடத்தில் ஒரு நாள் காரில் வந்து இறங்குகிறார்கள்.

போகிற வழியில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். சிறுதோட்டக்காரர்களிடம் வாங்கிய கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், ஏற்றிய லாரி. அந்த நாற்றத்தை அறியாதவர்களுக்கு விளக்குவது கடினம். புளித்து, அழுகி, அதற்கும் மேல் ஏதோ ஒன்று. சுருட்டிய துணியால் மூக்கைப் பொத்தினாலும் உள்ளே வரும். தம்பி கண்ணாடியை ஏற்றினான். அதற்குள் எனக்கு அப்பாவின் சட்டை வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் இடைநிலைப் பள்ளிக்குப் போன நாட்களில் என் சீருடையிலும் அந்த வாடை இருப்பதாக நினைத்து, பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே போவேன். அப்பா பள்ளி வாசலுக்கு வந்தால் உடம்பு கூசும்.

இந்தக் கூச்சத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரவுப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் ஒரு வரி அது. வழக்கமாக அந்த வரி வந்ததும் அடுத்த வரியாகத் தீர்ப்பு வரும்: பெற்ற தகப்பனை நினைத்துக் கூசியவள். இன்று லாரிக்குப் பின்னால் வேறு வழியில்லை, முந்த இடமில்லாத மண் சாலை. பார்த்துக்கொண்டே போனேன். தொண்டை இறுகியது, காது மடல் சுட்டது, வயிற்றில் ஏதோ புரண்டது. பதின்மூன்று வயதுப் பெண் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தீர்ப்பும் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நாற்றம் கடைசிவரை நாற்றமாகவேதான் இருந்தது. அது மணக்கத் தொடங்கியது என்று எழுதினால் அது கதை.

கோயிலில் நல்ல கூட்டம். நேற்றைய மழைச் சேற்றில் என் செருப்பின் வார் அறுந்தது. கூழ் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் காரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வந்து போட்டாள். திருப்பித் தருகிறேன், கைபேசி எண் சொல்லுங்கள் என்றேன். "ஐந்து வெள்ளிச் செருப்புக்கு எண் எதற்கு அக்கா?" என்று போய்விட்டாள்.

கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், கருவாடு, மொச்சைக் குழம்பு. வகுப்பில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துக் காத்திருந்து, பிறகு கடித்து என்று பல நிமிடம் தின்ன வைத்தார்கள். அந்தப் பயிற்சியைக் கூழில் செய்து பார்க்கலாம் என்று முதல் மடக்கை வாயில் நிறுத்தினேன். "ஏன் பாப்பா, கசக்கிறதா?" என்று சித்தியும், "உப்பு போடவா?" என்று ஊற்றியவரும், "அவளுக்கு இப்போது இதெல்லாம் இறங்குமா" என்று யாரோ ஒரு மாமாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். விழுங்கிவிட்டேன். நன்றாக இருந்தது, இரண்டாவது குவளையும் வாங்கினேன்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவள். கணக்குப் பரிட்சையில் நான் முதல், அவள் கடைசி வரிசை. இப்போது ஈப்போவில் இரண்டு உணவகம் வைத்திருக்கிறாள். விரலில் மோதிரம், கையில் கார்ச் சாவி. எனக்குள் பொறாமை எழுந்ததை எழுதத்தான் வேண்டும். அதை மறைத்துக்கொண்டு எழுதினால் இந்த நாட்குறிப்பு எதற்கு? அவளோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். பழைய கதை பேசிக்கொண்டே வந்து, லாரி நாற்றத்தைப் பற்றி நான் சொன்னதும் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கும் அப்படியா? எங்கள் அம்மா பால்காட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிடக் கூடாது என்று நான் இந்த ஆத்தாளிடம்தான் நேர்ந்துகொள்வேன். எலுமிச்சை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்."

அதே பஸ்ஸில்தான் நானும் போனேன். அவள் கையில் எலுமிச்சை வாடை வந்ததை, பணக்காரச் சோப்பு போலிருக்கிறது என்று நான் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்!

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் தன்மேல் பரிவு கொள்வதற்கு மூன்று கூறுகள் சொல்கிறார். தன்னிடம் கனிவு ஒன்று, மனவிழிப்பு ஒன்று. மூன்றாவது, இந்தப் பாடு தனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதர் எல்லாருக்கும் உள்ளது என்று அறிவது. வகுப்பில் அந்த மூன்றாவதைக் கேட்டபோது, ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை என்று ஒதுக்கியிருந்தேன். இன்று கோயில் மண்டபத்தின் பின்புறம், இரண்டு நடுவயதுப் பெண்கள் கூழ்க் குவளையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கடைசியில் அவள், "நீ இன்னும் கொஞ்சம் நல்ல புடவை கட்டலாம்" என்றாள். அதற்கும் சிரிப்புதான் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி – கோல கங்சார்

அரை மணி நேர ஓட்டம். சித்தியும் வந்தார். இந்த நாட்டு ரப்பர் மரங்களின் பாட்டி இங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்கு விதைகளைக் கொண்டு போனார். அவற்றில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் வளாகத்தில், இங்கே, 1877-இல் நட்டார். மிஞ்சியது இந்த ஒன்று. மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி கண்டுபிடித்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை விடாமல் துரத்தியதால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். "இதுதானா? இதுவா நம்மையெல்லாம் கப்பலேற்றியது?" கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டத் தெரியாதவன் வெட்டியிருக்கிறான். பட்டை கெட்டுக் கிடக்கிறது" என்றார். நூற்றைம்பது வருடச் சரித்திரத்துக்குச் சித்தி போட்ட மதிப்பெண் அது.

ஆற்றோரக் கடையில் லக்சா (மீன் சாற்று நூடுல்ஸ்), 6 வெள்ளி. காரம் குறைவு, மீன் சாறு தெளிவாக இருக்கிறது, முட்டை தனிக் காசு. சித்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தம்பியிடம் தள்ளிவிட்டார். நான் வாங்கிய சாயோங் மண்குடுவை 25 வெள்ளி. சித்தியின் மதிப்பீடு பத்து வெள்ளி. தங்கக் குவிமாடம் வைத்த உபுடியா பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தோம். வெயிலில் கண் கூசியது.

திரும்பும்போது காரில் சண்டை வந்தது. வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று தம்பி கேட்டான். உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்வது என்றேன். முன் இருக்கையிலிருந்து சித்தி திரும்பினார்.

"ஏற்றுக்கொண்டுதானே கெட்டோம்! தோட்டத்தை விற்றபோது சேவைக் காலத்துக்கு இவ்வளவு என்று கையில் கொஞ்சம் திணித்தார்கள். ஏற்றுக்கொள் என்று தலைவர்களும் சொன்னார்கள். உன் சித்தப்பாவும் ஏற்றுக்கொண்டார். ஒரு தையல் மெஷின், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். முடிந்தது."

வாயடைத்துப் போனேன். சித்தி சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. முதலாளிகள் இந்தப் பயிற்சியைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தால் நான் சந்தேகப்படுவேன். சம்பளம் போதவில்லை என்பவனை மூச்சைக் கவனிக்கச் சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் பயிற்சியில் ஏற்கச் சொல்வது சம்பளச் சீட்டை அல்ல. எனக்குக் கோபம் வந்திருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, நான் கூசினேன் என்ற உள்நிலவரத்தை மறுக்காதே என்கிறார்கள். தான் எப்படி இருக்கிறோமோ அப்படி ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாறவே முடிகிறது, அது ஒரு விந்தை என்று கார்ல் ரோஜர்ஸ் 1961-லேயே எழுதினார். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்ட நிலைமையைக் கண்ணை மூடாமல் பார்த்ததால்தான் 1960-இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முடிந்தது. நிலைமை இதுதான் என்று ஒப்புக்கொண்டவர் அவர். இப்படியே இருக்கட்டும் என்று விட்டவர் அல்ல.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். "சம்பந்தன் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்காதே" என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தக் காசை வாங்கின அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது" என்றார். தம்பி வானொலியின் சத்தத்தைக் குறைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் சித்தி உடனே பேச்சை மாற்றியிருப்பார். சொல்லாததால் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்: முதல் மாதம் வேலை இல்லாமல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது, சித்தப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்தது, எல்லாம்.

இரவு பதினொரு மணிக்கு என் பட்டியல் வந்தது. காரில் மேடைப் பேச்சு பேசினாய் என்பது முதல் வரி. மோதிரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய் என்பது இரண்டாவது. மூன்றாவது வரி தொடங்கும்போது காற்று எழும்பி, எங்கோ ஒரு கூரைத் தகரம் பிய்ந்துகொண்டு பறக்கும் சத்தம் கேட்டது. தெருவே எழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு – சுங்கை சிப்புட்

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே இரண்டு கல்யாணப் பத்திரிகை சித்தி வீட்டு வாசலில். பாயிலிருந்து எழுந்தபோது கழுத்து பிடித்திருந்தது. இரவு தூங்கியது மூன்று மணி நேரம் இருக்கலாம்.

பறந்தது எதிர்வீட்டுக் கூரை. அந்த வீட்டு அம்மா தனியாக இருக்கிறார், மகன் சிங்கப்பூரில். சமையலறை முழுக்கத் தண்ணீர், அரிசித் தவலை நனைந்துவிட்டது. தெருக்காரர்கள் காலை ஏழு மணிக்கே வந்து தண்ணீரை வாரிக்கொட்டினார்கள். ஒருவர் தார்ப்பாய் கொண்டுவந்தார், இன்னொருவர் எல்லாருக்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வாங்கி வந்தார், பொட்டலம் 3 வெள்ளி, சம்பல் சுரீர் என்று இருந்தது. ஒன்பது மணிக்குக் கூரை போடுகிறவர் வந்து அண்ணாந்து பார்த்து, ஏணி கூடப் போடாமல், 4,500 வெள்ளி ஆகும் என்றார்.

சித்தி என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போய்ப் பார். உன் வேலைதானே!"

ஏணியில் ஏறினேன். அந்த ஐந்து வெள்ளிச் செருப்போடு. மேலே போனதும் கண் ஓட்டையைத் தேடியது, தேடியதில் ஒரு குஷி இருந்தது, அந்தக் குஷியும் கண்ணில் பட்டது. வகுப்புத் தோழர்கள் இதைப் படித்தால், இவள் மறுபடியும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிட்டாள் என்பார்கள். தகரத்துக்கு மனது நோகாது, தாராளமாகச் சொல்லலாம். ஒன்பது தகடு போயிருந்தது. இன்னும் மூன்றை நிமிர்த்தினால் போதும். விட்டங்களில் ஒன்று உளுத்திருந்தது, ஆணிகள் பழையவை. நல்ல தகரம் போட்டாலும் கூலியோடு 2,000-க்குள் முடியும் என்று கீழே இறங்கிச் சொன்னேன்.

கூரைக்காரர் என்னைச் சித்தியைப் போலவே மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் யார் அம்மா?" சித்தி என் பதவியை இரண்டு படி உயர்த்திச் சொன்னார். பேரம் நடந்தது. விட்டத்துக்கு நல்ல மரம் வேண்டும் என்று அவர் சொன்னது நியாயம், ஒப்புக்கொண்டேன். 2,200 என்று முடிந்தது. எதிர்வீட்டு அம்மா ஒரு சீப்பு ராஜா வாழைப்பழத்தைக் கொண்டுவந்து என் பையில் திணித்தார். மகன் பணம் அனுப்பிவிடுவான் என்று இரண்டு முறை சொன்னார், நான் கேட்காமலேயே.

ரயிலடிக்குப் போகும் வழியில் சித்தி, பெட்டாலிங் ஜெயா வகுப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பார்களா என்று விசாரித்தார். தனக்கு இல்லையாம், பக்கத்து வீட்டுக்காரிக்காம், இரவில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லையாம். சேர்ப்பார்கள் என்றேன். கட்டணம் எவ்வளவு என்றார். சொன்னேன். "கொள்ளை!" என்றார்.

கூரை வேலை செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. உளுத்த விட்டத்தை மாற்றாமல் மேலே தகரத்தைப் போட்டு மூடிவிடாமல் பார்த்துக்கொள், படம் எடுத்து அனுப்பு என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.